தின்னியும் பிரியரும்

‘உணவுப் பிரியர்’ என்கிற சொல் யாருக்கெல்லாம் பொருந்தாது என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். புரட்டாசி முடிந்த மறுநாள் நம்முடைய தினசரிகளில் ‘அசைவப் பிரியர்கள்’ கறிக்கடைகளில் குவிகிறார்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பியதும் ‘மீன் பிரியர்கள்’ மகிழ்ச்சி அடைகிறார்கள். பிரியாணிப் பிரியர் உண்டு, காபிப் பிரியர் உண்டு. 2003இல் அரசே சாராயச் சில்லறை வியாபாரத்தில் இறங்கிய பிறகு ‘மதுப் பிரியர்’கூட வந்துவிட்டார். ஆனால் ‘கூழ்ப் பிரியர்’ என்று எழுதிப் பாருங்கள். ‘மாட்டுக்கறிப் பிரியர்’, ‘நத்தைப் பிரியர்’, ‘ஈசல் பிரியர்’, ‘எலிப் பிரியர்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வருகிறதில்லையா? அந்தச் சிரிப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் அந்தச் சொல்லின் எல்லைக்கல் நட்டிருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் பிரியர். அந்தப் பக்கம் இருப்பவன் தின்னி.

‘பிரியன்’ என்பது தமிழுக்கு எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதற்கு அகராதி தேவையில்லை. விஷ்ணுவுக்கு அலங்காரம் பிரியம், சிவனுக்கு அபிஷேகம் பிரியம், பிராமணனுக்கு போஜனம் பிரியம் என்று ஒரு வடமொழி வழக்கு இருக்கிறது. பந்தியில் இலை போட்ட பிறகு சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். கேலிபோலத் தோன்றுகிறது. ஆனால் அந்த வரிசையைக் கவனியுங்கள். இரண்டு தெய்வங்களுக்கு அடுத்து மூன்றாவதாக ஒரு சாதி உட்கார்ந்திருக்கிறது. அலங்காரமும் அபிஷேகமும் தெய்வத்தின் தேவையல்ல, விருப்பம். அதேபோல இங்கே சாப்பாடும் தேவையல்ல, விருப்பம். பசியை முற்றிலும் துடைத்துவிட்ட பிறகுதான் ‘பிரியம்’ என்கிற சொல் உள்ளே நுழைய முடிகிறது. போஜனப் பிரியனுக்குப் பசி எடுக்காது. அவனுக்கு ருசி மட்டும்தான்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரெஞ்சில் ‘கூர்மே’ என்பவன் முதலில் திராட்சை மது வியாபாரியிடம் வேலை பார்த்த ஆள். மதுவை நாக்கில் வைத்துத் தரம் சொல்கிற கூலிக்காரன். ‘கூர்மாந்’ என்பவன் பெருந்தீனிக்காரன், கிறிஸ்தவம் சொன்ன ஏழு கொடும் பாவங்களில் ஒன்றைச் செய்கிறவன். புரட்சிக்குப் பிறகு பாரிஸில் உணவகங்கள் பெருகிய காலத்தில் இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் வேலையை எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1803இல் கிரிமோ த லா ரெய்னியேர் தன் ஆண்டு மலரைத் தொடங்குகிறார். 1825இல் பிரிய்யா-சவாரென் சுவையின் உடலியல் பற்றிய தன் நூலில், அகராதிக்காரர்கள் உணவு ரசனையையும் பெருந்தீனியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் ஒரு நீதிபதி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஒரே வாய், ஒரே வயிறு. அதில் எது ரசனை, எது பாவம் என்று தீர்ப்பெழுத நீதிபதிதான் வரவேண்டியிருக்கிறது. இதில் சுவாரசியமான விஷயம், கடைசியில் மரியாதை பெற்ற ‘கூர்மே’ ஒரு கூலிக்காரனின் பெயர் என்பது. எஜமான் நாக்குக்கு வேலைக்காரன் நாக்கின் பெயரை வைத்துக்கொண்டார்கள். வேலைக்காரனுக்கு நாக்கு இருந்ததை மறந்துவிட்டார்கள்.

‘ஃபூடி’ என்கிற ஆங்கிலச் சொல் ரொம்பப் பிந்தியது. 1980இல் நியூயார்க் பத்திரிகையில் கேல் கிரீன் எழுதுகிறார். 1984இல் ஆன் பார், பால் லெவி இருவரும் லண்டனில் அதற்கு ஒரு கைப்புத்தகமே போடுகிறார்கள், பாதி கிண்டலாக. ரீகன், தாட்சர் காலம். தொழிற்சங்கங்கள் உடைபட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சம்பளக்கார நகரத்து இளைஞன் தன்னை எதை வைத்து அடையாளப்படுத்திக்கொள்வது என்று தேடிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்த பெயர் இது. அந்தப் பெயரில் ஒரு ஜனநாயக வேஷம் இருக்கிறது. கூர்மே என்றால் பணமும் குலமும் வேண்டும். ஃபூடி ஆவதற்கு ஆர்வம் போதும், தள்ளுவண்டியில் தின்றாலும் ஃபூடிதான் என்பார்கள். தள்ளுவண்டியில் நின்று தின்கிற ஃபூடிக்கும், அதே வண்டியில் வேறு போக்கிடம் இல்லாமல் தின்கிற கொத்தனாருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. முதலாமவன் நாளைக்கு வேறு இடத்தில் சாப்பிடுவான். அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் உடனே ‘சாப்பாட்டு ராமன்’ என்பார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், அதனாலேயே சந்தேகமும் உண்டு. காவியத்து ராமன் பதினாலு வருஷம் காட்டில் திரிந்தவன், தின்பதற்குப் பேர்போனவன் அல்ல. தின்றவன் பீமன். ஆனாலும் ‘சாப்பாட்டு பீமன்’ என்று யாரும் சொல்வதில்லை. பீமனுக்கு உடம்பு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, அவன் தின்பதற்கு நியாயம் இருக்கிறது. இந்த ராமன் குப்பன் சுப்பன் மாதிரியான ராமன். எந்த வேலையும் செய்யாமல் இலைக்கு முன்னால் உட்காரும் ராமன். அவனைத் திட்டுவதில்லை, கிண்டல் செய்கிறோம், மூன்றாம் முறை சாம்பார் ஊற்றிக்கொண்டே கிண்டல் செய்கிறோம். ஊற்றுவதற்கு சாம்பார் இருக்கிற வீட்டில் மட்டுமே புழங்கக்கூடிய கிண்டல் அது. இல்லாத வீட்டில் இதே ஆளுக்குப் பெயர் ‘தண்டச்சோறு’, ‘சோத்துக்கு வீங்கி’.

இன்னொன்று, சாப்பாட்டு சீதை கிடையாது. பெண்பாலே இல்லாத சொல் இது. ருசி கேட்கிற பெண்ணைப் பற்றி எங்கள் பக்கத்தில் ‘அவளுக்கு நாக்கு நீளம்’ என்பார்கள். ஆணுக்கும் சொல்வதுண்டு, ஆனால் பெண்ணுக்குச் சொல்லும்போது அது நடத்தை பற்றிய புகாராகவும் மாறிவிடுகிறது. ஊருக்கெல்லாம் ருசி பார்த்து உப்புப் போடுகிறவள், தனக்கு ருசி கேட்கலாம் என்று அனுமதி பெறுவது மசக்கையில் மட்டும்தான். அப்போது மாங்காய் கேட்கலாம், புளி கேட்கலாம், சாம்பலைக்கூட அள்ளித் தின்னலாம். ஏனென்றால் அப்போது கேட்பது அவள் நாக்கு அல்ல, வயிற்றில் இருக்கும் வாரிசு. பிரசவம் ஆனதும் அனுமதி ரத்து, பத்தியம்.

தின்னிக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பேச்சு வழக்கு ‘துன்னு’ என்பது. ‘சோறு துன்னியா?’, ‘இன்னா துன்ன?’, ‘துன்னுட்டுப் போடா’. இதில் இழிவு ஒன்றும் இல்லை. தாய் பிள்ளையைக் கேட்கிறது, சம்பந்தி சம்பந்தியைக் கேட்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதலில் திருத்தப்படுகிற வினைச்சொற்களில் இது ஒன்று. ‘மாடுதாண்டா துன்னும், மனுசன் சாப்பிடுவான்’ என்று ஒரு வாத்தியார் சொன்னது எங்கள் வகுப்புக்கே ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாய், வெளியில் ஒரு வாய். சோறு சாதமாகிறது. கறி என்று சொன்னால் எந்தக் கறி என்று விளக்கவேண்டி வருகிறது. அக்கிரகாரத்தில் வாழைக்காயும் கறி, எங்களுக்குக் கறி என்றால் கறிதான். ஒரு சேர மன்னனுக்குப் பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் என்று பட்டப்பெயரே இருந்திருக்கிறது. அரசனின் பெயரில் ஏறிய சோறு இப்போது ஓட்டல் பலகையில் ஏறக் கூச்சப்படுகிறது. தின் என்கிற வேர் ‘தின்பண்டம்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் மானத்தோடு பிழைத்துக் கிடக்கிறது. கன்னடத்துக்காரன் காலைப் பலகாரத்தைத் ‘திண்டி’ என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறான். (திண்டிவனம் என்ற பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது திந்திரிணி வனம், புளியங்காடு. புளியமரத்துக்கும் சமஸ்கிருதத்தில் பெயர் வைத்தால்தான் கோயிலுக்குள் போகமுடியும்போல.)

இந்தப் புளியங்காட்டுக்கு ஒரு பழைய சாப்பாட்டுக் கதை இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கியது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும் அறிஞர்கள் கொள்வதுண்டு. 269 அடியில் நத்தத்தனார் இந்த வட்டாரத்தைச் சாப்பாட்டாலேயே வரைந்திருக்கிறார். பட்டினத்தில் நுளையர் வீட்டில் தேறலும் சுட்ட மீனும். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் கறிச் சூடும். ஆமூரில் உழவர் வீட்டில் குத்தின அரிசிச் சோறும் நண்டும். கடைசியில் அரண்மனையில், பொன் கலத்தில், பீமன் செய்த சமையல் நூலின் முறை தவறாமல் ஆக்கிய பலவகை உணவு. மன்னன் நின்று பரிமாறுகிறான். தமிழில் சமையல் நூல் பற்றிய மிகப் பழைய பேச்சுகளில் ஒன்று திண்டிவனத்து அரண்மனையில் நடக்கிறது என்பது நம் உணவுப் பத்தியாளர்கள் யாருக்காவது உறைத்திருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அரண்மனையைப் பற்றி அல்ல. பாணனின் பழைய வீட்டைப் பற்றி அதே பாட்டில் வருகிறது. கூரை இற்றுப்போன அடுக்களை, கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் சுரக்காமல் குரைக்கும் நாய், கரையான் அரித்த சுவரில் காளான். பசியில் மெலிந்த ஒருத்தி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு வாசலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். பாட்டு அங்கே போடும் வினைச்சொல் ‘மிசை’. அதுதான் முக்கியம். பட்டினியில் உப்பில்லாக் கீரை தின்பதற்கென்று தனியாக ஓர் இழிந்த வினையைக் கவிஞர் தேடிப் போகவில்லை. உப்பில்லை என்பதையும் சொல்லாமல் விடவில்லை. உப்பில்லை என்று சொல்வது ருசியைப் பற்றிய பேச்சு. பசித்தவளுக்கும் நாக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற பேச்சு. புலவர் கையேந்தி நிற்கும் மரபின் பாட்டு இது, மன்னனைப் புகழ்ந்து பிழைத்த பாட்டு, எல்லாம் சரி. இருந்தாலும் நம் முற்போக்குப் பட்டினிக் கதைகளில் பலவற்றில் இந்த உப்பு இல்லை.

மொழியில் இந்த ஏணி எப்போது வைக்கப்பட்டது என்பதை ஒரே தேதியில் சொல்லமுடியாது, ஆனால் படிகள் தெரிகின்றன. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் அளவில்லாமல் உண்பவனின் உணவை ‘இரை’ என்கிறார். மிருகத்துக்கும் பறவைக்கும் உரிய சொல் அது. அங்கே குறி வைக்கப்படுவது அளவு. பக்தி காலத்தில் குறி மாறுகிறது. எவ்வளவு தின்கிறாய் என்பது போய் எதைத் தின்கிறாய், நீ யார் என்பது வருகிறது. பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்து, சமணத்திலிருந்து வயிற்று வலியோடு திருவதிகைக்குத் திரும்பி வந்த நாவுக்கரசர், மாட்டை உரித்துத் தின்னும் புலையராயிருந்தாலும் சிவனுக்கு அன்பரென்றால் அவரை வணங்குவேன் என்ற பொருளில் பாடினார். சமத்துவத்துக்கு மேற்கோளாக மேடைதோறும் சொல்லப்படுவது. அந்தச் சமத்துவம் ஓர் ‘ஆனாலும்’ மேல் நிற்கிறது. தின்பது குற்றம், பக்தி அதற்குப் பரிகாரம். உண்பது, அருந்துவது, அயில்வது, நுகர்வது என்று இத்தனை வினை இருக்க, மாட்டுக்கு வந்தது தின். பசுவும் பௌத்தமும் தீண்டாமையும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்று அம்பேத்கர் 1948இல் எழுதிய நூல் விரிவாகப் பேசுகிறது. அதன் தமிழ் வினைச்சொல் அத்தியாயத்தை யாரும் இன்னும் எழுதவில்லை.

சிவநெறிக்கே பெயரான ‘சைவம்’ காய்கறிச் சாப்பாட்டுக்குப் பெயரானதும், மற்ற எல்லாமே வெறும் எதிர்மறையாக ‘அசைவம்’ ஆனதும் இந்த ஏணியின் மேல்படி. பெரியபுராணத்துக் கண்ணப்பர் ஒரு வேடர். பன்றிக் கறியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் கடித்து ருசி பார்த்து, நல்லதை மட்டும் சிவனுக்கு எடுத்து வைக்கிறவர். சேக்கிழார் கதையில் ருசியறிந்தவன் அவன்தான். கோயிலில் கறியைப் பார்த்துத் துடித்துப்போவது அர்ச்சகர், தெய்வம் அல்ல. தெய்வம் ருசித்துச் சாப்பிட்டுவிட்டது. அந்தச் சைவத்தில் இன்று கண்ணப்பருக்குச் சிலை உண்டு, அவர் படையலுக்குப் பெயர் இல்லை.

கண்ணப்பரின் ஆட்கள் இன்னமும் திண்டிவனத்தைச் சுற்றி இருக்கிறார்கள். இருளர்கள். 1993இல் அத்தியூரில் இருளர் பெண் ஒருவருக்குக் காவல்துறையினரால் நேர்ந்த கொடுமையை ஒட்டித் திண்டிவனத்தில் பிரபா கல்விமணி முதலியோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டினார்கள். அந்தச் சங்கத்தின் போராட்டங்கள் வழியாகத்தான் இங்கே பலருக்கு இருளர் என்றொரு ஜனம் இருப்பதே தெரியவந்தது. திருட்டு வழக்கு, கொத்தடிமை, சாதிச் சான்றிதழ், பட்டா. இந்தப் பட்டியலில் ருசிக்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. ஆனால் எனக்கு அவர்களைப் பற்றித் தெரிந்ததில் பாதி ருசி சம்பந்தப்பட்டது.

எலி பிடிப்பதை எடுத்துக்கொள்வோம். எந்த எலியையும் இருளர் தின்பதில்லை. வீட்டெலியைத் தொடமாட்டார்கள். வயல் எலி மட்டும், அதுவும் அறுப்பு சமயத்தில், நெல் தின்று கொழுத்திருக்கும்போது. வரப்பில் வளையைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து வளை வாயில் கவிழ்த்து ஊதினால் புகை உள்ளே போகும். மற்ற வாய்களை அடைத்துவிட்டு ஒன்றில் காத்திருக்கவேண்டும். வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்த கதிரும் கிடைக்கும். மயிரைத் தீயில் பொசுக்கிச் சுத்தம் பண்ணி வாட்டிய கறியும், அதே வளையிலிருந்து எடுத்த நெல்லின் சோறும். தீனிபோட்டு வளர்த்த விலங்கை, அது தின்ற தானியத்தோடேயே சேர்த்துப் பரிமாறுகிற இந்த ஏற்பாட்டை ஐரோப்பாவில் ஒரு சமையல்காரன் செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள், என்ன விலை போடுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே நிலக்காரனுக்குப் பயிரைக் காத்துக்கொடுத்துவிட்டு இருளன் வாங்கிக் கட்டிக்கொள்கிற பெயர் ‘எலி தின்னி’.

பருவம், வயது, தீனி, இடம் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தின்பவன்தான் ரசனைக்காரன் என்றால் முதல் மரியாதை இவர்களுக்குத்தான் வரவேண்டும். வராது. பியர் பூர்தியூகூடக் கொடுக்கமாட்டார். 1979இல் வந்த அவருடைய பெரிய நூலில் ருசி என்பது பிறவியில் வருவதல்ல, வர்க்கம் தன்னை வேறுபடுத்திக் காட்டிக்கொள்ளும் கருவி என்று அவர் நிறுவியதற்கு நாமெல்லாம் கடன்பட்டவர்கள். ஆனால் அவரிடமும் மேல்தட்டுக்குச் சுதந்திரத்தின் ருசி, கீழ்த்தட்டுக்குத் தேவையின் ருசி. உழைப்பவன் எது கிடைக்குமோ அதையே விரும்பப் பழகிக்கொள்கிறான் என்கிறார். வீட்டெலியும் கிடைக்கிறது ஐயா, ஏன் தொடமாட்டேன் என்கிறான்? வறுமைக்குள்ளே இருக்கிற மறுப்பை இந்தக் கோட்பாட்டால் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ஏழைக்கு இருக்கவே முடியாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட கோட்பாடு அது.

பூர்தியூவை விடுங்கள், நம்ம தோழர்களுக்கு வருவோம். 2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் நடத்திய போராட்டத்தில் வாயில் எலியைக் கவ்விக்கொண்டு நின்ற படம் இந்தியா முழுக்கப் போனது. வறட்சியும் கடனும் பொய்யல்ல, போராட்டமும் நியாயமானது. ஆனால் அந்தப் படம் வேலை செய்வதற்கு ஒரு நம்பிக்கை தேவைப்பட்டது. எலி தின்பது மனிதன் மனிதனாக இல்லாமல் போவதன் கடைசிப் படி என்கிற நம்பிக்கை. படத்தை எடுத்தவருக்கும் அச்சிட்டவருக்கும் பார்த்துப் பதறிய நமக்கும் அந்த நம்பிக்கை பொதுவாக இருந்தது. திண்டிவனம் பக்கத்துக் குடிசை ஒன்றில் அறுப்புக்காலத்து விருந்தாக இருப்பது தலைநகரத்தில் நரகத்தின் சின்னமாக்கப்பட்டது. நம்முடைய சிறுபத்திரிகைகள் உட்பட எவரும் இதைக் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இடதுசாரிகளின் சொல்லாடலில் ஏழைக்கு இருப்பது பசி. தலித் அரசியலின் சொல்லாடலில் இருப்பது உரிமை. இரண்டுமே வேண்டும், இரண்டையும் விட்டுக்கொடுக்க முடியாது. 2012இல் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் நடந்த மாட்டுக்கறி விழாவும், 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் நடந்த விருந்தும் அவசியமானவை. சென்னையில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் அடிபட்டதே அதற்குச் சாட்சி. ஆனால் இந்த விழாக்களுக்குப் போய்வந்த எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அங்கே மாட்டுக்கறி தின்னப்படுகிறது, ருசிக்கப்படுவதில்லை. கோஷம் போடுகிறோம், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். எந்தப் பகுதிக் கறி, எத்தனை நேரம் வெந்தது, உப்புக்கண்டம் போட்டதா, கொழுப்போடு வதக்கியதா என்று யாரும் கேட்பதில்லை. எதிரி அதைச் சின்னமாக்கினான், நாமும் சின்னமாகவே தின்கிறோம்.

அரசின் பக்கத்திலோ கதை வேறு. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கும் பன்றிக்கும் இடமில்லை என்றது. ஆம்பூரில்! எதிர்ப்பு வந்தது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் முதலில் மாடு இல்லை, சத்தம் போட்ட பிறகுதான் வந்தது. விழா என்பது ‘பிரியர்’களுக்காக நடத்தப்படுவது. தின்னிகளை அதற்குள் சேர்க்க மனு போடவேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கடைப் பலகைகளில் ‘மாட்டுக்கறி’ என்று எழுதியிருப்பதைவிட ‘பீப்’ என்று எழுதியிருப்பதுதான் அதிகம். வீட்டிலும் ‘பெரிய கறி’தான். ஃபூடி தன் வயிற்றை மறைக்க ஆங்கிலத்துக்குள் போகிறான், கறிக்கடைக்காரர் தன் மாட்டை மறைக்க.

மதுப் பிரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவ ஜனங்கள் கொத்தாகச் செத்தார்கள். பாணனுக்கு நுளையர் தேறலும் சுட்ட மீனும் கொடுத்தனுப்பிய அதே கரை. அந்தப் பிணங்களை ‘மதுப் பிரியர்கள்’ என்று எழுத எந்தக் கை துணியும்? கடை போர்டு இருந்தால் பிரியர், இல்லையென்றால் குடிகாரன்.

இலக்கியத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை என்று சொல்லலாமா? ‘ரசனை’ என்ற சொல்லே சமஸ்கிருதத்தில் நாக்கைக் குறிப்பது. ரசனை விமர்சனம் செய்தவர்கள் அதைப் புத்தகத்துக்கு வைத்துக்கொண்டு நாக்கைக் கழற்றிவிட்டார்கள். அவர்களை எதிர்த்த மார்க்சியர்களுக்கு ரசனையே ஆகாது. இந்தச் சண்டைக்கு நடுவில் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. புதிரை வண்ணார் வீட்டு ஆரோக்கியம் இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுத்துவருகிறாள். அந்த நாவலைச் சாதிக்குள் சாதியை எழுதியதற்காகப் பாராட்டினோம், அதற்காகவே திட்டினோம். பல வீட்டுச் சோறும் குழம்பும் ஒரே பாத்திரத்தில் கலந்து வரும்போது அதற்கென்று ஒரு ருசி உண்டு, அதைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அது தெரியும் என்கிற இடத்துக்கு நம் விமர்சனம் போகவில்லை. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் தன் வரலாற்றுக்கு எச்சில் என்று பொருள்படும் ‘ஜூட்டன்’ என்ற பெயரை வைத்தார். அவமானத்தைப் பெயராக்கியது சரி. ஆனால் மிச்சத்திலிருந்து ஒரு சமையலே உருவாகியிருக்கிறது என்பதைச் சொல்ல இன்னும் ஒருவர் வரவேண்டியிருந்தது. மராத்தியில் ஷாஹு பாடோளே 2015இல் தலித் சமையலை எழுதி வெளியிட்டார். அன்னம் பூரண பிரம்மம் என்கிற பழம்பேச்சைத் திருப்பி, அன்னம் அபூரண பிரம்மம் என்று தலைப்பு. ரத்தம், குடல், எலும்பு, உலர்த்திய கறி எல்லாவற்றுக்கும் செய்முறையோடு. 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

நம்மிடம் 1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ போட்டார். அளவு, பக்குவம், பதம் எல்லாம் எழுத்தில் வந்தது, ஒரு சாதியின் அடுக்களை தமிழ்ச் சமையல் என்கிற அந்தஸ்தைப் பெற்றது. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரையில் சமையல் புத்தகங்கள் வழியாகத் தேசியச் சமையல் கட்டப்படுவதைக் காட்டியிருக்கிறார். யார் எழுதி வைத்தார்களோ அவர்கள் பிரியர்கள், யாருடையது எழுதப்படவில்லையோ அவர்கள் தின்னிகள் என்பதுதான் நடைமுறையில் அதன் விளைவு. எங்களையும் பிரியர் பட்டியலில் சேருங்கள் என்று கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அந்தப் பட்டம் மனு போட்டு வாங்கக்கூடியதும் அல்ல. ‘துன்னு’ என்கிற வினையை எழுத்தில் கூச்சமில்லாமல் போடவேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று செய்முறை.

ஈசலை வறுக்கும்போது இறக்கையை எப்படிப் புடைத்து நீக்குவது, ஒரு படி ஈசலுக்கு எத்தனை பிடி அரிசி, சட்டி எந்தச் சூட்டில் இருந்தால் கருகாது, எந்தப் புற்றிலிருந்து வருவது நெய் வாசனை அடிக்கும், எது கசக்கும். இதையெல்லாம் சொல்லக்கூடிய கிழவிகள் திண்டிவனத்தைச் சுற்றி இருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தோடு யாராவது போய் உட்கார்ந்து எழுதி வாங்கவேண்டும். முதல் மழைக்கு அப்புறம் போகவேண்டும், அதற்கு முந்திப் போனால் ஈசல் கிடைக்காது.